கரடிக்கு எத்தனை மார்க்

— அதான் டீச்சரம்மா, நானும் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன். லீவுக்கு வந்த புள்ள இப்பிடி ஊட்டுக்குள்ளயே குந்திக்கிட்டு இருந்தா எப்பிடி? எஸ்டேட்டு லயத்துச் சனம் பூராவும் வந்து எட்டிப் பாக்குது. டாக்டரு புள்ள எங்க, டாக்டரு புள்ள எங்கன்னு. இவ போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டுச் செவுத்துப் பக்கம் திரும்பிக்கிடுறா. நீங்க உள்ள வாங்க, சேலையெல்லாம் நனைஞ்சிருச்சே. ஏ ஜீவிதா! யாரு வந்திருக்கான்னு பாரு. உன்ட இங்கிலீசு டீச்சரம்மா!

— பரவால்லீங்க மூக்கம்மாக்கா, நான் இங்கியே அடுப்போரமா உக்காந்துக்கறேனுங். லீவுன்னா சொன்னீங்க? என்ன லீவுங்?

— காலேசுல என்னமோ லீவு உட்டிருக்காங்களாம். உங்களுக்குத் தெரியாதா?

— வாங்க மிஸ்.

— ஆ, வா சாமி. என்ன கண்ணு, முகமெல்லாம் இப்படி வீங்கிக் கெடக்குது?

— தூங்கினேன் மிஸ். லீவுதான் மிஸ். உங்களுக்குந்தான் தெரியுமே.

— …ஆமாங்க்கா. லீவுதானுங். நாந்தான் மறந்துட்டேன்.

— பாத்தியா, டீச்சரம்மாவே சொல்லிட்டாங்க. நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். எங்க அவரு வேற ஃபேக்டரிக்குப் போறப்ப எல்லாம் கேக்குறாரு, என்ன லீவு, என்ன லீவுன்னு. சின்னவளும் ஊட்ல இல்ல பாருங்க. இந்து இப்ப உங்ககிட்டத்தானே பதினொண்ணு படிக்கிறா? சனிக்கெழமயும் நீட்டு கிளாசுன்னு ஓடிட்டா. இருங்க, மேல லயத்துல பால் வாங்கிட்டு வாறேன். தேத்தண்ணி குடிக்காம நீங்க எந்திரிக்கக் கூடாது.

— மழையில எதுக்குங்க்கா…

— மழ எங்களுக்குப் புதுசா? இந்தா வந்துட்டேன்.

— போயிட்டாங்களா?

— போயிட்டாங்க மிஸ். மேட்டுல ஏறணும், வர நேரமாவும்.

— ஏன் கண்ணு, என்னையும் பொய் சொல்ல வெச்சுட்டியே?

— நான் கண்ணத்தான் காட்டினேன். சொன்னது நீங்க மிஸ்.

— சரி, என்ற தப்புத்தான். காலேஜ்ல இருந்து எனக்கு ஃபோன் வந்துது.

— தெரியும். அம்மா ஃபோனுக்கு இங்க டவர் கெடைக்காதுன்னு அட்மிஷன் அப்ப நீங்கதானே உங்க நம்பரக் குடுத்தீங்க.

— திங்கக்கெழம காலையில நீ கிளாஸ்ல இருக்கோணுமாம். இல்லீன்னா அப்பா அம்மாவக் கூட்டீட்டு வந்து எழுதிக் குடுத்துட்டுப் போயிரோணுமாம். எழுதிக் குடுக்கறதுன்னா என்னன்னு தெரியுமா உனக்கு?

— படிப்பு வேண்டாம்னு எழுதறது. குடுத்துரலாம் மிஸ்.

— குடுத்துரலாமா! நம்ம ஸ்கூல் ஆரம்பிச்சதுல இருந்து டாக்டர் சீட்டு வாங்கின மொத புள்ள நீதான். மஞ்சூர் பஸ் ஸ்டாப்புல உன்ற படத்தப் போட்டு அத்தாம் பெரிய பேனர் கட்டியிருக்குது…

— அதனாலதான் மிஸ் பஸ்ஸ விட்டு எறங்கறப்ப துப்பட்டாவ மூஞ்சில சுத்திக்கிட்டு எறங்கினேன். நான் மேல சிரிச்சுக்கிட்டு நிக்கறேன், கீழ நானே திருடி மாதிரி போறேன். அந்த பேனர்ல மூலையில நீங்களும் சிரிக்கறீங்க மிஸ்.

— …ஹெச்.எம். போடச் சொன்னாரு.

— ஃபோன்ல பேசினது யாரு மிஸ்? ஹாஸ்டல் மேடமா?

— ஆமா.

— அவங்க இங்கிலீஷ்லதானே பேசுவாங்க. நீங்க என்ன பதில் சொன்னீங்க?

— அது கெடக்குது. நீ சொல்லு மொதல்ல. என்ன நடந்துது அங்க? எவனாச்சும் ஏதாச்சும் வம்பு பண்ணினானா?

— அதெல்லாம் இல்ல.

— பின்ன?

— அனாட்டமி கிளாஸ் மிஸ். எல்லாரும் மேசையச் சுத்தி நிக்கறோம். சாரு ஒரு எலும்பத் தூக்கி என் கையில வெச்சாரு. "டெல் மீ"ன்னாரு. எனக்குத் தெரியும் அது என்னன்னு. தோள்பட்ட எலும்பு. எடது பக்கத்துதுன்னு கூடத் தெரியும். வாயத் தெறந்தேன், ஒண்ணும் வரல.

— பயந்துட்ட சாமி. புது எடம்…

— பயமில்ல மிஸ். காத்துக்கிட்டு நின்னேன்.

— எதுக்கு?

— ஏ, பி, சி, டி. நாலும் சொல்லுவாருன்னு. அவரு ஒண்ணுமே சொல்லல. என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தாரு. கடைசியில நானே கேட்டுட்டேன். "ஆப்ஷன்ஸ், சார்?"

— அய்யோ.

— மொதல்ல அவருக்கே புரியல. புரிஞ்சதும் சிரிச்சுட்டாரு. கெட்டவரு இல்ல மிஸ், அடக்க முடியாமத்தான் சிரிச்சாரு. அவரு சிரிச்சாச்சுன்னா மத்தவங்களுக்கு என்ன?

— ஒரு நாள் சிரிப்பாங்க, மறந்துருவாங்க…

— மெஸ்ல கரண்டியோட நிக்கறாங்க மிஸ். "ஏ சாம்பார், பி ரசம், சி மோர், டி இது எதுவுமே இல்ல"ன்னு. ரூம்ல ஃபேன் போடறதுக்குக் கூட ஆப்ஷன் குடுக்கறாங்க. என் பேரே ஆப்ஷன்னு ஆயிருச்சு. கொடைக்கானல்ல இருந்து ஜூடித்துன்னு ஒரு பொண்ணு வந்திருக்கு, அது மட்டுந்தான் ஜீவிதான்னு கூப்புடும்.

— புகார் எழுதிக் குடுத்திருக்கலாமுல்ல, மேல இருக்கறவங்ககிட்ட?

— என்னன்னு எழுதறது மிஸ்? "டி இது எதுவுமே இல்ல"ன்னு சொன்னாங்கன்னா? அதையும் இங்கிலீஷ்ல எழுதணும்.

— நீ இங்கிலீஷ்ல தொண்ணூத்தஞ்சு கண்ணு! ஸ்கூல்லயே நீதான் மொதோ மார்க்கு!

— ஒரு பாடத்தக் கூட முழுசாப் படிக்காம வாங்கின தொண்ணூத்தஞ்சு. நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? பாடத்தப் படிக்காதீங்க, டைம் வேஸ்ட்டு. கேள்வியில இருக்கற வார்த்தைய எடுத்துக்கிட்டுப் பாடத்துல தேடு. கெடச்ச எடத்துல ஆரம்பிச்சு புள்ளி வெக்கற வரைக்கும் அப்படியே எழுது. நான் அத நல்லாச் செய்வேன் மிஸ். பாடத்துல யாரு செத்தாங்க, யாரு பொழச்சாங்கன்னு எனக்குத் தெரியாது. மார்க்கு மட்டும் வந்துச்சு.

— எல்லா ஸ்கூல்லயும் அப்படித்தான் நடத்தறாங்க. நான் மட்டும் என்ன பண்றது?

— ப்ளஸ் டூல எத்தன இங்கிலீஷ் பீரியட் நடந்துச்சு மிஸ்?

— விஜயன் சார் கேட்டாரு. பயாலஜி போர்ஷன் முடியலன்னாரு. நீட்ல இங்கிலீஷு இல்லயே சாமி, அந்த நேரத்துல நாலு கேள்வி அதிகமாப் போட்டுப் பாத்தா ஒரு புள்ளைக்காச்சும்…

— "எடுத்துக்கங்க சார்"னு டஸ்டரையும் கையில குடுத்துட்டுப் போனீங்க. தெனமும். நாங்க பாத்துக்கிட்டேதான் இருப்போம். உங்களுக்கு அது கஷ்டமா இல்லவே இல்ல மிஸ். சந்தோசமாத்தான் போனீங்க.

— சந்தோசமாவா போனேன்?

— ஸ்டாஃப் ரூம் சன்னல்ல நீங்க டீ குடிச்சுக்கிட்டு பனிமூட்டத்தப் பாத்துக்கிட்டு நிக்கறது எங்க பெஞ்சுல இருந்து தெரியும்.

— …நல்லாத்தான் பாத்திருக்கற.

— கோவமாச் சொல்லல மிஸ்.

— கோவமாவே சொல்லு. வாங்கிக்கறேன்.

— ஒம்பதாவதுல நீங்க அப்படி இல்ல. வெள்ளிக்கெழம கடைசி பீரியட். ஞாபகம் இருக்கா?

— கத சொல்ற பீரியட்! ஏன் இல்லாம? தப்பாச் சொன்னாலும் பரவால்ல, எல்லாரும் எந்திரிச்சு இங்கிலீஷ்ல ஒரு கத சொல்லியே ஆகோணும். அஜய் அவன் வண்டி பஞ்சராச்சுன்னு நாலு வாரமா அதே கதையச் சொன்னான்.

— நான்?

— நீ கரடி கத! கோயில் வெளக்குல ஊத்தின எண்ணெயக் குடிக்க வந்த கரடி. பூசாரி உள்ளயே மாட்டிக்கிட்டு, கரடி போற வரைக்கும் மணிய ஆட்டிக்கிட்டே இருந்தாரே!

— பூசாரி இல்ல. எங்க அப்பா.

— ஆமாமா, உங்கப்பா! நான் சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி வந்துது. கை தட்டினேன்.

— நீங்க கை தட்டினதுக்காக அன்னைக்கு லயம் வரைக்கும் இங்கிலீஷ்லயே பேசிக்கிட்டு வந்தேன் மிஸ். தனியா. தேயிலச் செடிகிட்ட.

— என்ற தங்கம்.

— ப்ளஸ் ஒன் சேந்த மொத வெள்ளிக்கெழம. கடைசி பீரியட். எழுந்து கேட்டேன், "மிஸ், இன்னைக்கு கத இல்லையா"ன்னு. நீங்க என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?

— …இல்ல கண்ணு.

— "கரடிக்கு எத்தன மார்க்குடி?"ன்னு கேட்டீங்க.

— நானா?

— கிளாஸே சிரிச்சுது. நீங்களும் சிரிச்சீங்க. இங்கிலீஷால நான் மொத மொத சிரிப்பு வாங்கினது அனாட்டமி ஹால்ல இல்ல மிஸ். உங்க கிளாஸ்ல.

— நானா சாமி அப்படிச் சிரிச்சேன்…

— அழுவாதீங்க மிஸ். அம்மா வந்துருவாங்க.

— அழுவல. பொகை. அடுப்புப் பொகை.

— அடுப்பு அணைஞ்சு போச்சு மிஸ்.

— ஜீவிதா. நீ கேட்டியே, அந்த மேடத்துக்கு என்ன பதில் சொன்னேன்னு.

— விடுங்க.

— இல்ல, கேளு. அவங்க எடுத்ததுமே இங்கிலீஷ்ல கடகடன்னு பேசுனாங்க. எனக்குப் புரிஞ்சுது. எல்லாமே புரிஞ்சுது. பதில் சொல்ல வாயத் தெறந்தா "எஸ் மேடம், ஓகே மேடம்" தவிர ஒண்ணும் வரல. "உங்க ஸ்டூடண்ட் எப்படிப்பட்டவ, ரெண்டு வார்த்த சொல்லுங்க"ன்னு கேட்டாங்க. உன்னையப் பத்தி கண்ணு! எத்தன சொல்லியிருக்கலாம். நானு, டவர் இல்லீங்க மேடம்னு தமிழ்ல சொல்லி கட் பண்ணிப்போட்டேன்.

— நீங்களா மிஸ்?

— நானேதான். எம்.ஏ. இங்கிலீஷ் ஸ்ரீமதி டீச்சர். பொறவு உக்காந்து வாட்ஸ்அப்ல எழுதி அனுப்பினேன், ஃபோனே எடுத்துக் குடுக்கற வார்த்தையா அமுக்கி அமுக்கி. எனக்கு வேல குடுத்த பரீட்சையும் நாலுல ஒண்ணுதான் சாமி. வட்டத்தக் கறுப்பாக்கித்தான் வந்தேன். யாரும் என்னையப் பேசச் சொல்லிக் கேட்டதே இல்ல. அந்த வெள்ளிக்கெழம பீரியட்லதான் உங்ககூடச் சேந்து நானும் கொஞ்சம் பேசிப் பழகினேன். பீரியட்ட விஜயன் சார்கிட்டக் குடுத்தப்ப, நீ சொன்னது சரிதான், எனக்குக் கஷ்டமா இல்ல. எனக்குப் பேச வராதுங்கறது இனிமே யாருக்கும் தெரியாதுன்னு ஒரு நிம்மதி.

— இத யார்கிட்டயும் சொல்லாதீங்க மிஸ்.

— எதுக்கு?

— கேக்கவே ஒரு மாதிரி இருக்கு. நான் உங்களத் திட்டணும்னு எத்தனையோ சேத்து வெச்சிருந்தேன்.

— என்ட புள்ளயப் பாத்துச் சிரிச்சாங்களா டீச்சரம்மா?

— மூக்கம்மாக்கா! நீங்க எப்பங்க வந்தீங்க?

— அந்த கரண்டி வெச்சுக்கிட்டு நிக்கிறாங்கன்னு சொன்னாளே, அப்பவே வந்துட்டேன். உள்ள வரக் காலு வரல. பாலு ஆறிப்போச்சு. லீவு இல்லையா அப்ப?

— இல்லீங்க்கா. என்னைய மன்னிச்சுக்கோணும்.

— அம்மா, நான் சொல்லலாம்னுதான்…

— நீ சும்மா இரு. டீச்சரம்மா, இவ போவ வேணாம்.

— என்னங்க்கா சொல்றீங்க?

— என்ட புள்ளைக்குச் சோறு போடுறப்பச் சிரிக்கிற எடத்துக்கு இவ போவ வேணாம். திங்கக்கெழம நானும் அவரும் வந்து எழுதிக் குடுத்துடுறோம். எங்கள மாதிரி கைநாட்டு வெச்சாப் போதுமில்ல? நாளைக்கே நான் தொரகிட்டச் சொல்லிக் கொழுந்து பறிக்க இவ பேரப் பதிஞ்சுடுறேன். காலையில பேரு கூப்புடுற பிரட்டுக்களத்துல யாரும் இங்கிலீசு கேக்கமாட்டாங்க.

— அம்மா!

— என்ன அம்மா? நீதானே வேணாம்னு வந்து படுத்துக்கிட்ட? நான் வேணாம்னு சொன்னா மட்டும் ஏன் முழிக்கிற?

— மூக்கம்மாக்கா, ஒருக்கா நான் சொல்றதக் கேளுங். அவளுக்கு அறிவில்லாம வாயடைக்கல. அவ வாயில இருந்தத எடுத்துப்போட்டது நானுங். நானும் பரீட்சையுமாச் சேந்து எடுத்துப்போட்டோம். அது அங்கியேதான் இருக்குது, பாக்கறீங்களா? ஜீவிதா, எந்திரி.

— மிஸ், வேண்டாம்.

— எந்திரி கண்ணு. கரடிய சொல்லு. இங்கிலீஷ்ல. நான் ஒரு வார்த்த திருத்த மாட்டேன். திருத்தறதுக்கு எனக்கும் தெரியாது.

— அம்மா முன்னாடியா? அம்மாவுக்குப் புரியாது மிஸ்.

— அந்த சாருக்குத் தமிழ் புரியும், உனக்கு அவருகிட்டப் பேச்சு வரல. அம்மாவுக்கு இங்கிலீஷ் புரியாது, பேச்சு வருதான்னு பாக்கலாம். சொல்லு.

— ஒன்… ஒன் நைட்… பியர் கேம். டு அவர் டெம்பிள். ஹங்ரி பியர். நோ, நாட் ஹங்ரி. ஹீ வாண்ட் ஆயில். லேம்ப் ஆயில்.

— ம்.

— மை ஃபாதர் இன்சைட். பியர் அவுட்சைட். பியர் லுக் மை ஃபாதர். மை ஃபாதர் லுக் பியர். மை ஃபாதர்… ரிங் த பெல். ஃபுல் நைட். பியர் திங்க், ஓ, பூஜா! சோ பியர் சிட். லைக் டிவோட்டீ. வெய்ட் ஃபார் பிரசாதம்!

— ஏய், எண்ணெ குடிச்ச கரடிதானே? உங்கப்பன் விடிய விடிய மணிய ஆட்டிக்கிட்டு, மறுநாளு கை வீங்கி ஃபேக்டரிக்குப் போவ முடியாம கெடந்தாரே! அய்யோ ஆண்டவனே… இவ அத சாமி கும்புட வந்த கரடின்னா சொல்றா? கரடிக்குப் பிரசாதமா?

— உங்களுக்கு எப்படிங்க்கா புரிஞ்சுது?

— மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா? கரடி மாதிரியே குந்துனாளே!

— பாத்தியா சாமி? ஒரு ஆப்ஷனும் குடுக்கல உனக்கு.

— அம்மாவும் சிரிச்சுட்டாங்க மிஸ்.

— இது வேற சிரிப்புடி என்ட ராசாத்தி. இது உன்னையப் பாத்துச் சிரிக்கல.

— திங்கக்கெழம அந்த சாரு கையில எலும்ப வெச்சா, இதே மாதிரி சொல்லு. "திஸ் போன், லெஃப்ட் சைட், ஷோல்டர்"னு ஒடச்சு ஒடச்சுச் சொல்லு. சிரிச்சா, சிரிச்சு முடிக்கற வரைக்கும் நின்னுட்டு, மிச்சத்தச் சொல்லு. மூக்கம்மாக்கா, காலேஜ் இருக்கற கோயமுத்தூர்லயே எங்கம்மா ஊடு இருக்குதுங். இப்பவே நான் இவளக் கூட்டீட்டுப் போறேன். நாளைக்குப் பூராவும் நாங்க ரெண்டு பேரும் தமிழே பேசமாட்டோம். திங்கக்கெழம நானே காலேஜ் வாசல் வரைக்கும் வந்து உடறேன். அந்த ஹாஸ்டல் மேடத்தப் பாத்து இவளப் பத்தி ரெண்டு வார்த்த நேர்ல சொல்லோணும். ஃபோன்ல சொல்லாம உட்டது.

— இங்கிலீஷ்லயா மிஸ்?

— தப்பும் தவறுமா. நீ பக்கத்துல நில்லு. எனக்குத் தைரியமா இருக்கும்.

— போறியாடி? உன்ட வாயால சொல்லு.

— …போறேம்மா.

— அப்ப பைய எடு. அந்தக் கம்பளிய மறக்காத. டீச்சரம்மா, சூடா ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சுட்டுப் போங்க, பால வெச்சுட்டேன். கீழ வரைக்கும் நான் வர முடியாது, கொழுந்து எட போடுற நேரம். பாதையில காட்டெருமை நிக்கும், பேசிக்கிட்டே சத்தமாப் போங்க.

— பேசிட்டேதானுங்க்கா போகோணும் இனி.

— மிஸ், மெதுவா. இந்தத் திருப்பத்துல வழுக்கும்.

— அப்பாடா. ரோடு வந்துருச்சா?

— வந்துருச்சு. அந்தா பேனரு. மழையில ஒரு பக்கம் கிழிஞ்சு தொங்குது.

— இன்னைக்கு நீ துப்பட்டாவச் சுத்தல.

— மறந்துட்டேன் மிஸ். சுத்தட்டுமா?

— வேண்டாம். திரும்பி வந்ததும் மொத வேலையா ஹெச்.எம்.கிட்டச் சொல்லி இந்த பேனரக் கழட்டச் சொல்றேன். பாக்கப் பாக்க எனக்கே கூசுது. இன்னொண்ணும் சொல்லப் போறேன். என்ற பீரியட்ட இனிமே யாருக்கும் குடுக்கமாட்டேன்னு. விஜயன் சார் வந்து நின்னாலும் சரி, யாரு வந்து நின்னாலும் சரி.

— உங்கள விடுவாங்களா மிஸ்?

— திட்டுவாங்க. பெத்தவங்களே வந்து சண்ட போடுவாங்க, எங்க புள்ளைங்க நேரத்தக் கெடுக்கறீங்கன்னு. போடட்டும். உன்னைய அந்த மேசைக்கு முன்னால அப்படி நிக்க வெச்சது நானு. இன்னொரு புள்ளைய நிக்க வெக்கமாட்டேன். வெள்ளிக்கெழம கத பீரியட்டத் திரும்ப ஆரம்பிக்கறேன், மொதல்ல ப்ளஸ் ஒன்ல. உன்ற தங்கச்சி கிளாஸ்லயே. அவளையே மொதல்ல எழுப்பி உங்கூட்டு கரடியச் சொல்லச் சொல்றேன்.

— மிஸ்.

— என்ன கண்ணு? பஸ் வருது பாரு, கையக் காட்டு.

— மிஸ், இந்து கிளாஸ்ல வேண்டாம் மிஸ்.

— ஏன் சாமி? உனக்கு நடந்தது அவளுக்கு நடக்கக் கூடாதுன்னுதானே?

— அவங்க என்னையப் பாத்துச் சிரிச்சாலும், நான் காலேஜுக்கு உள்ள நிக்கறேன் மிஸ். இந்து இன்னும் சீட்டு வாங்காம வெளியிலதான் நிக்கறா. உங்க பீரியட்ட விஜயன் சாருக்கே குடுத்துருங்க. அவ எந்திரிச்சு கத இல்லையான்னு கேட்டான்னா, எனக்குச் சொன்னதையே அவளுக்கும் சொல்லுங்க மிஸ். கரடிக்கு எத்தன மார்க்குடின்னு.